சிஸ்டரைக் கேளுங்கள்: வீட்டில் ஒருவர் பேச்சு மாறும்போது

(வேலூர் வட்டாரத்தில் மனநலப் பிரிவு நர்ஸாக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற சிஸ்டர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். பேச்சு மாறுவதைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் மட்டும் இந்த இதழில்.)

சிஸ்டர், என் மகனுக்கு 21 வயது. பாலிடெக்னிக் முடித்து ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனான். நாலு மாதமாகப் போகவில்லை. 'சாப்டியா' என்று கேட்டால், 'சாப்பாடு வந்து… பஸ்ஸுக்கு பச்சை பெயிண்ட் அடிச்சிட்டாங்க, அவங்களுக்குத் தெரியும், பாலாத்துல தண்ணி உட்டாச்சு' என்கிறான். யார் அவங்க என்றால் முறைக்கிறான். பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுகிறான். அவன் அப்பா, 'போன் பார்த்துக் கெட்டுட்டான், திமிரு' என்கிறார்.
ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, இது திமிர் இல்லை. திமிராகப் பேசுகிறவன் பேச்சு தெளிவாக இருக்கும். யாரைக் குத்துகிறான், எதற்குக் குத்துகிறான் என்று கேட்பவருக்கு நன்றாகப் புரியும். உங்கள் மகன் பேச்சில் அந்தத் தெளிவே இல்லையே.

நீங்கள் அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 'உளறுகிறான்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அவன் வாக்கியங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். இலக்கணம் சரியாக இருக்கிறது, வார்த்தைகளும் தெரிந்த வார்த்தைகள்தான். ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிதான் அறுந்து கிடக்கிறது. மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் வைத்த ஸ்விட்சர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளூலர், 1911-ல் எழுதிய நூலில் இந்தத் தளர்ச்சியைத்தான் நோயின் அடிப்படை என்றார். ஒரு நினைவை அடுத்த நினைவோடு கோக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. பிறகு 1979-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன், இப்படிப்பட்ட பேச்சுக் கோளாறுகளை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினார். டாக்டர்கள் இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதும் பல பெயர்கள் அவர் வரையறுத்தபடிதான் புழங்குகின்றன.

அடுத்து அந்த 'அவங்க'. நாம் எல்லோரும் ஆளைச் சொல்லாமல்தான் பேசுகிறோம். 'வந்தாச்சா?', 'குடுத்துட்டாங்களா?' என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் யாரைச் சொல்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நோய் வந்தவருடைய 'அவங்க'வை எவ்வளவு தேடினாலும் ஆள் கிடைக்க மாட்டார். எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது என்ற நினைப்பே சில நேரம் அவருக்கு விட்டுப்போகிறது. சில நேரம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கூட்டம் இருக்கும். தன்னைக் கண்காணிப்பதாக, துரத்துவதாக அவர் நம்பும் கூட்டம். முறைக்கிறான் என்கிறீர்களே, அது பயமாகவும் இருக்கலாம் அம்மா.

நடுவில் நின்றுபோவதையும் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். வார்டில் இப்படி நின்றுபோனவர்களிடம் மெதுவாகக் கேட்டால், 'நினைச்சத யாரோ எடுத்துட்டாங்க சிஸ்டர்' என்று சிலர் சொல்வார்கள். தன் நினைவைப் பிறர் எடுக்கிறார்கள், பிறர் நினைவைத் தனக்குள் வைக்கிறார்கள், தான் நினைப்பது ஊருக்கே கேட்கிறது என்ற மாதிரி அனுபவங்களுக்கு ஜெர்மன் மருத்துவர் குர்ட் ஷ்னைடர் தனி முக்கியத்துவம் கொடுத்தார். எந்த மனநல டாக்டரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட மாட்டார்.

எதுகை பிடித்துக்கொண்டு ஓடும் பேச்சும் உண்டு: 'ஊசி போட்டா காசி, காசிக்குப் போனா தூசி, தூசிக்கு ஏது பாசி'. இங்கே ஓசைதான் அடுத்த வார்த்தையை இழுத்து வருகிறது. சிலர் அகராதியில் இல்லாத சொல்லை உண்டாக்கி, அது எல்லோருக்கும் தெரிந்த சொல் என்ற நம்பிக்கையோடு பேசுவார்கள். ஃபேனைக் 'காத்துகாட்டி' என்றால் நமக்குப் பிடிபடும். பல சொற்கள் பிடிபடவே பிடிபடாது.

இன்னொன்றுதான் எனக்கு எப்போதும் பெரிய கவலை. பேச்சு வற்றிப்போவது. நாலு வரி பேசினவன் ஒரு வரிக்கு வருவான், பிறகு 'ம்', 'தெரியல' என்று நின்றுவிடுவான். கூச்சல் போடுகிறவனை அக்கம்பக்கத்தாரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையனை 'ரொம்ப அமைதி, ஒரு தொல்லையும் கிடையாது' என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த மௌனத்துக்கும் வைத்தியம் வேண்டும். இதைப் படிக்கும் வேறு வீடுகளிலும் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மகனுக்கு இன்ன நோய் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மேனியா என்ற இன்னொரு மனநோயிலும் பேச்சு தாவும், அங்கே வேகமும் உற்சாகமும் கூட இருக்கும். கஞ்சாவாலும் இப்படி ஆகும். நாள்கணக்கில் தூங்காவிட்டாலும் ஆகும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முன்பு அவன் எப்படிப் பேசிக்கொண்டிருந்தான் என்பது டாக்டருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது இன்றைய அவனை மட்டும்தான். பழைய பேச்சைக் காதில் வைத்திருப்பவர் நீங்கள். கலகலவென்று பேசினவனா, சின்ன வயதிலேயே வாய் திறக்காதவனா, எந்த மாதத்திலிருந்து மாறினான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆளையும் தங்க வைத்து வைத்தியம் பார்ப்பது நீண்ட காலமாக நடப்பது. சாப்பாடு ஊட்டுவதற்காக மட்டும் அவரை வைத்துக்கொள்வதாக நினைக்காதீர்கள்.

ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, நீங்கள் கேட்டது என்ன, அவன் சொன்னது என்ன என்று எழுதுங்கள். திருத்தாமல், அழகுபடுத்தாமல் எழுதுங்கள். தூக்கம், சாப்பாடு, குளியல் எப்படி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் போடாதீர்கள். அது பெரிய பாவம், குணமான பிறகும் அந்தப் பையன் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். பாகாயத்துக்குப் போங்கள், அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், இந்த வாரமே போங்கள். நோய் தொடங்கி மருந்து தொடங்காமல் போகும் ஒவ்வொரு மாதமும் தேறிவருவதைக் கடினமாக்குகிறது. அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவரும் டாக்டர் வாயால் கேட்கட்டும்.

எங்கள் நைனாவுக்கு 64 வயது, தறி வேலை. போன மாதம் ஒரு காலை எழுந்ததும் விடாமல் பேச ஆரம்பித்தார். குழறல் இல்லை, ஆனால் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லை. நாங்கள் சொன்னதும் அவருக்குப் புரியவில்லை. 'காத்து சேஷ்டை' என்று மந்திரிக்கக் கூட்டிப்போனோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். கைகால் நன்றாக இருக்கும்போது பக்கவாதமா?
வாசகர், ஆரணி

ஆமாம் ஐயா, கைகால் விழாமலும் வரும். மூளையின் இடது பக்கத்தில், காதுக்கு மேலே ஓரிடத்தில் ரத்த ஓட்டம் நின்றால் பேச்சின் பொருள் மட்டும் போய்விடும். ஓட்டமும் ராகமும் அப்படியே இருக்கும். 1874-லேயே கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்தார். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றே நினைப்பார்கள். மனச்சிதைவு உள்ளவரிடம் சாவியைக் காட்டினால் பெரும்பாலும் சாவி என்பார், கண்ணை மூடுங்கள் என்றால் மூடுவார். உங்கள் நைனா மாதிரி பாதிக்கப்பட்டவருக்கு இந்த இரண்டுமே தடுமாறும்.

ஆனால் வீட்டில் சாவியைக் காட்டிச் சோதித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வயதானவர் பேச்சு ஒரே நாளில் மாறினால் 108-க்குப் போன் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பக்கவாதம் இல்லாவிட்டாலும் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை சட்டென்று இறங்குவது, உடம்பில் உப்பு குறைவது, தினமும் குடித்தவர் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றல் என்று எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பல பகலில் சற்றுத் தெளிந்து ராத்திரியில் கூடும். எல்லாமே உயிருக்கு ஆபத்தானவை, எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. நைனாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், விடாமல் செய்யுங்கள்.

என் அண்ணனுக்கு சைக்கோசிஸ் (எது நிஜம் என்ற பிடி விட்டுப்போகும் மனநோய்) என்று மருந்து கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் உருது, வெளியே தமிழ், அவன் வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலமும். இப்போது மூன்றையும் கலந்து பேசுகிறான். இதுவும் நோயா?
கல்லூரி மாணவி, வாணியம்பாடி

நல்ல கேள்வி கேட்டாய்மா. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் உருதுவும் தமிழும் கலக்காமல் யார் பேசுகிறார்கள்? குடியாத்தம் பக்கம் தெலுங்கு. கலப்பது நோய் இல்லை. எங்கே கலக்கிறான் என்று பார். அம்மாவிடம் உருது, பால்காரரிடம் தமிழ் என்று ஆளுக்குத் தக்கபடி மாற்றினால் அவன் மூளை நன்றாகவே வேலை செய்கிறது. உருது தெரியாத நர்ஸிடம் உருதுவிலேயே பேசி, அவளுக்குப் புரியவில்லை என்பதே உறைக்காமல் போனால் அதை டாக்டரிடம் சொல்.

டாக்டர் பார்க்கும்போது அண்ணன் எந்த மொழியில் தாராளமாகப் பேசுவானோ அதில் பேச வைக்கச் சொல். தெரியாத மொழியில் கேட்டால் யாருமே ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொல்வார்கள், அதைப் 'பேச்சு வற்றிவிட்டது' என்று எழுதிவிடக் கூடும். பழமொழிக்கு அர்த்தம் கேட்பதும் அப்படித்தான். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றால் என்ன என்று கேட்பார்கள். 'எண்ணெய் கொட்டியிருந்தா சறுக்கும்' என்ற பதிலை வைத்து, சொல்லுக்கு அப்பால் யோசிக்க முடியவில்லை என்று கணிப்பார்கள். அந்தப் பழமொழியைக் கேட்டே வளராதவனும் அதே பதிலைத்தான் சொல்வான். 'காபி கீபி', 'வேலை கீலை' என்று இரட்டித்துப் பேசுவது நம் ஊர்ப் பேச்சு. 'இன்ஷா அல்லாஹ்' என்று பத்து முறை சொல்வது உங்கள் வீட்டுப் பேச்சு. இதையெல்லாம் கூட இருக்கும் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான் நோயாளிதான். மருந்து சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். குரல்கள் நிறைய குறைந்துவிட்டன. செத்துப்போன என் அத்தை குரல் மட்டும் 'குளி', 'கதவ சாத்து', 'இன்னாடா இன்னும் சாப்பிடல' என்று கேட்கிறது. இது எல்லோருக்கும் இப்படித்தானா?
பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

தம்பி, நீங்கள் எழுதியதற்கு முதலில் நன்றி. இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல நிறைய பேருக்குத் தைரியம் வராது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானா நாட்டு அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில், குரல் கேட்பவர்கள் 20 பேர் வீதம் உட்கார வைத்துப் பேசினார்கள். அமெரிக்காவில் பலருக்கு அது முகம் தெரியாத குரல், அடி, வெட்டு, சண்டை என்று வன்முறையாகப் பேசுவது. சென்னையில் பலருக்கு அது சொந்தக்காரர் குரல். சமை, குளி, கடைக்குப் போ என்று வீட்டு வேலை சொல்லும் குரல், திட்டவும் செய்யும். உங்கள் அத்தை அந்தப் பட்டியலில் நன்றாகவே பொருந்துகிறார். வளர்ந்த வீட்டில் காது எதைக் கேட்டுப் பழகியதோ, நோயும் அந்தக் குரலையே எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

குரல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று இது. நாம் எல்லோரும் மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அது நம் பேச்சு என்று மூளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வதால் நமக்குத் திகைப்பு வருவதில்லை. நம் கையால் நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் கூசாததற்கும் இதே குறிப்புதான் காரணம். அந்தக் குறிப்பு தவறிவிட்டால் உள்ளே எழுந்த பேச்சு வெளியிலிருந்து வந்ததாகவே கேட்கும். அதனால் நீங்கள் கேட்பது பொய் இல்லை, நடிப்பும் இல்லை. உங்களுக்கு நிஜமாகவே கேட்கிறது.

அத்தை குரலோடு வாழ முடிகிறது என்றால் பயப்பட வேண்டாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்தக் குரல் 'செத்துப்போ' என்றோ, யாரையாவது 'அடி' என்றோ சொல்ல ஆரம்பித்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மனநோய் வந்தவர்களைச் சோளிங்கர் தக்கான் குளத்தில் குளிப்பாட்டினால் சரியாகும் என்கிறார்கள். என் தங்கைக்குச் சாமி வந்து பேசுகிறது. முதலில் கோயிலா, ஆஸ்பத்திரியா?
வாசகி, வாலாஜா

ஆடித் திருவிழாவில் உடுக்கை அடிக்கும்போது சாமி வந்து, குறி சொல்லி, கற்பூரம் காட்டியதும் இறங்கி, மறுநாள் வழக்கம்போல் சமைக்கப் போனால் அது உங்கள் ஊர் வழக்கம். அதற்கு டாக்டர் தேவையில்லை. திருவிழா முடிந்து வாரக்கணக்கில் ராப்பகலாக 'சாமி' பேசி, தங்கை தூங்காமல், சாப்பிடாமல், சொல்வது ஊராருக்கே புரியாமல் போனால் அது வேறு.

தக்கான் குளத்துக்குப் போகாதே என்று நான் யாரையும் சொன்னதில்லை. வேலூரில் நடந்த ஆய்வுகளிலேயே, ஒரே நோயாளி நோய் என்றும் செய்வினை என்றும் கர்மம் என்றும் எல்லாவற்றையும் சேர்த்தே நம்புவது தெரியவந்தது. நம் ஜனங்களுக்கு அதில் முரண்பாடு தெரிவதில்லை. எனக்கு இரண்டே நிபந்தனை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, எந்தச் சாமியார் சொன்னாலும் சங்கிலி போடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

பேச்சைப் பதிவு செய்து கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் சைக்கோசிஸ் வருமா என்று முன்பே சொல்லிவிடுமாமே?
பொறியியல் மாணவர், காட்பாடி

2015-ல் அமெரிக்காவில் அப்படி ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் வரக்கூடும் என்று கருதப்பட்ட 34 இளைஞர்களின் பேச்சை எடுத்து, அடுத்தடுத்த வாக்கியங்கள் பொருளில் எவ்வளவு ஒட்டுகின்றன, வாக்கியங்கள் எவ்வளவு குறுகிவிட்டன என்று கணினியால் அளந்தார்கள். பின்னால் நோய் வந்த 5 பேரையும் அது சரியாகப் பிரித்துக் காட்டியது. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை தம்பி. அதோடு அது ஆங்கிலம். தமிழில் ஒரே வினைச்சொல்லுக்குள் ஆள், காலம், மரியாதை எல்லாம் அடங்கிவிடுகிறது, அந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. தமிழுக்கென்று, குடியாத்தத்துப் பேச்சுக்கும் ஆம்பூர்ப் பேச்சுக்கும் சேர்த்து, உங்களைப் போன்றவர்கள் செய்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

என் மச்சினிக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். தூக்கமே இல்லை, வேகவேகமாகப் பேசுகிறாள், 'இது என் குழந்தை இல்ல, மாத்திட்டாங்க' என்கிறாள். பெரியவர்கள் ஜன்னி என்கிறார்கள்.
வாசகி, பேரணாம்பட்டு

இந்தக் கடிதத்துக்கு உடனே போன் செய்து பேசிவிட்டேன், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் இப்படி ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து, இருவரையும் தனியாக விடக் கூடாது. மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது.

கணவர், பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்கிறார். ஆமாம் என்றால் நம்பிக்கை கூடுகிறது, இல்லை என்றால் சண்டை. நான் என்னதான் பதில் சொல்வது?
வாசகி, சத்துவாச்சாரி

இரண்டுமே வேண்டாம். 'எனக்குக் கேக்கலீங்க. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது, பயமா இருக்கா?' என்று கேளுங்கள். சுவரைப் பற்றி அவரோடு வழக்காட முடியாது. பயம் நிஜம், அதைப் பற்றி அவர் பேசுவார். ஆதாரம் காட்டி ஜெயிக்கப் பார்த்தால், உங்களையும் அந்தப் பக்கத்து வீட்டு ஆளோடு சேர்த்துவிடுவார்.

ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சின்ன வாக்கியம். 'குளிச்சிட்டு மாத்திரை போட்டுட்டு டிபன் சாப்டுட்டு பேங்க் போலாம்' என்றால் அவருக்கு முதல் சொல்லே நழுவிவிடும். 'குளிச்சிட்டு வாங்க' என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள், நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். புரியாவிட்டால் 'புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க' என்று கேட்பதில் தவறே இல்லை. புரிந்த மாதிரி தலையாட்டுவதைத்தான் அவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

குத்திப் பேசும் வீட்டில் நோய் திரும்புவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. பிறகு சண்டிகரில் பார்த்தபோது நம் நாட்டுக் குடும்பங்களில் அந்தக் குத்தல் குறைவாக இருந்தது. உங்களுக்கும் கோபம் வரும்தான். வரும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள், மாமியாரோ பிள்ளையோ கொஞ்ச நேரம் கூட இருக்கட்டும். அப்புறம், அவர் கலக்கம் இல்லாமல் பேசும் நேரம் எது என்று பாருங்கள். சிலருக்குக் காலை, சிலருக்குச் சாயங்காலம் டீ குடித்த பிறகு. பணம், டாக்டர், மாத்திரை பற்றிய பேச்சை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.